செல்போன் தவணையைக் கட்டி முடித்த பிறகும் சிபில் அறிக்கையில் பாக்கி ஏன்?

கேள்வி:

ஐயா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை செய்கிறேன். வாரச் சம்பளம்தான், சனிக்கிழமை இரவு கையில் கொடுப்பார்கள். 2022 தீபாவளிக்கு ஒரு கடையில் தவணை முறையில் செல்போன் வாங்கினேன். மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதம். இடையில் இரண்டு முறை வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. இரண்டு முறையும் அந்த மாதத்திற்குள்ளேயே 1,500 ரூபாயை செல்போன் வழியாக அனுப்பிவிட்டேன். 2023-இல் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் போன் தொலைந்துபோனதால் என் எண்ணும் மாறிவிட்டது.

கடந்த மாதம் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக 21,999 ரூபாய் போன் ஒன்றைத் தவணையில் வாங்கப் போனோம். ஆதார், பான், போட்டோ, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து "சிபில் அடிவாங்கியிருக்கு அக்கா, மூணு ஃபைனான்ஸ்ல போட்டுப் பார்த்தேன், எதுலயும் ஆகல" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். மதிப்பெண் 611. பழைய கடனில் 900 ரூபாய் நிலுவை என்று இருக்கிறது. 5,000 ரூபாய் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். என் சொந்தத் தம்பி பெயரில் கடனைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். நான் யாரையும் ஏமாற்றவில்லை. என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பியிருந்த சிபில் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடனையும் அதைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, நிதானமாகப் படித்தேன். உங்களுக்குக் கடன் மறுக்கப்பட்டதற்கு உங்கள் வாரச் சம்பளம் முதன்மையான காரணமாகத் தெரியவில்லை. 2022-இல் வாங்கிய அந்த ஒரே ஒரு கடன், நிறுவனத்தின் கணக்கில் இன்றுவரை மூடப்படாமல் கிடக்கிறது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதற்கு விதி வகுத்த கால வரம்பும் இருக்கிறது. 5,000 ரூபாய் தேவையே இல்லை. ஆனால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி செய்ய வேண்டும், அதுவரை புதிய விண்ணப்பம் எதையும் போடக்கூடாது.

பத்துத் தவணையும் கட்டிய பிறகு 900 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் புதிராக இருக்கும். உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களையும் அறிக்கையில் இருக்கும் எண்களையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். தவணை திரும்பிய ஒவ்வொரு முறையும் நிறுவனம் உங்கள் கணக்கில் ஒரு கட்டணம் எழுதியிருக்கும். அது 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிறகு 1,500 ரூபாய் அனுப்பியபோது, அதில் முதல் 450 ரூபாயை அந்தக் கட்டணத்திற்கு வரவு வைத்துக்கொண்டு, மிச்சம் 1,050 ரூபாயை மட்டும் தவணைக்கு வரவு வைத்திருப்பார்கள். உங்கள் மனக்கணக்கில் அந்த மாதத் தவணை தீர்ந்துவிட்டது. அவர்களுடைய பேரேட்டில் 450 ரூபாய் குறைந்தது. இரண்டு முறை இப்படி நடந்தால் 900 ரூபாய். அடுத்தடுத்த தவணைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை இந்தக் குறை யார் கண்ணிலும் படாமல் பின்னால் தள்ளிக்கொண்டே போயிருக்கும். பத்தாவது தவணைக்குப் பிறகு வரவு நின்றதும், அந்த 900 ரூபாய் மட்டும் தனியாக நின்று, நாள் கணக்கு ஏறத் தொடங்கியிருக்கும்.

அறிக்கையில் அந்தக் கடனின் கீழே மாதங்களின் வரிசையும், ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு கட்டமும் இருப்பதைப் பாருங்கள். கட்டத்துக்குள் இருக்கும் மூன்று இலக்க எண், அந்த மாதத்தில் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 000 என்றால் பாக்கி இல்லை. உங்களுடைய வரிசையில் 2023-இன் பிற்பகுதி வரை பெரும்பாலும் 000. அதற்குப் பிறகு 030, 060, 090 என்று படியேறுகிறது. பாக்கித் தொகை எவ்வளவு சிறியது என்பதை இந்தக் கட்டங்கள் காட்டுவதில்லை, நாட்களை மட்டுமே காட்டுகின்றன. தொண்ணூறு நாட்களைத் தாண்டிய கடனை வாராக்கடன் வகையில் சேர்ப்பது வங்கித் துறையின் பொதுவான நடைமுறை. எனவே 900 ரூபாய் நிற்கும் உங்கள் கணக்கையும் 90,000 ரூபாய் நிற்கும் இன்னொருவர் கணக்கையும், கடையில் கடன் விண்ணப்பத்தைச் சோதிக்கும் மென்பொருள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடத்துகிறது. இது நியாயமா என்று கேட்டால், இவ்வளவு சிறிய தொகைக்கு இது அளவுக்கு மீறிய தண்டனை என்பதுதான் என் கருத்து. ஆனாலும் இருக்கும் ஏற்பாடு இதுதான். அதற்குள் நின்றுதான் வேலையை முடிக்க வேண்டும்.

நிறுவனம் ஏன் தகவல் சொல்லவில்லை என்று நீங்கள் கோபப்படலாம். தொலைந்துபோன பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்திகள் போயிருக்க வாய்ப்பு அதிகம். செல்போன் கடன் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது: போன் தொலைந்தால் கடன் பற்றிய செய்தி வரும் ஒரே வழியும் அதோடு போய்விடுகிறது. எண் மாறினால் வங்கிக்கும் ஆதாருக்கும் சொல்கிறோம். கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பலருக்கும் தோன்றுவதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், கடன் கொடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்து வழியாக, மின்னஞ்சலாகவோ கிளையில் நேரில் கொடுக்கும் கடிதமாகவோ, அந்தக் கடனின் முழுக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். கடன் எண் உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அதே கடிதத்தில் உங்கள் புதிய செல்போன் எண்ணையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். விவரம் வந்ததும், உங்கள் வங்கிப் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். எந்தத் தேதியில் தவணை திரும்பியது, எந்தத் தேதியில் நீங்கள் பணம் அனுப்பினீர்கள், அந்தப் பணம் எதற்கு வரவு வைக்கப்பட்டது என்ற மூன்றும் தெளிவாக வேண்டும். தவணை திரும்பியதற்கான கட்டணம் கடன் ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாஸ்புக்கில் இன்னொன்றும் தெரியும்: உங்கள் வங்கியும் ஒவ்வொரு முறை திரும்பியதற்கும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடித்திருக்கும். ஒரே மாதத்தில் நிறுவனம் இரண்டு மூன்று முறை தவணையை அனுப்பிப் பார்த்திருந்தால், வங்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிடித்திருக்கக்கூடும்.

கட்டணம் ஒப்பந்தப்படி சரியாக இருந்தால், 900 ரூபாயைக் கட்டிவிடுங்கள். கொள்கைக்காகச் சண்டை போட உகந்த தொகை அல்ல இது. தள்ளுபடி செய்யுங்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்; சில சமயம் செய்வார்கள். ஆனால் இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொலைபேசியில் பேசும் வசூல் பிரிவுக்காரர், "ஐநூறு கட்டுங்க மேடம், செட்டில்மென்ட் போட்டு முடிச்சுடலாம்" என்று சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். அப்படி முடித்தால் அறிக்கையில் உங்கள் கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகும். கொடுக்க வேண்டியதை முழுமையாகக் கொடுக்காமல், பேரம் பேசி முடித்தவர் என்று அடுத்த நிறுவனம் அதைப் படித்துக்கொள்ளும். நானூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பல வருடங்களுக்குத் துரத்தும் ஒரு பதிவை வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரம் அல்ல. 'குளோஸ்டு', அதாவது முழுமையாகக் கட்டி மூடப்பட்டது என்று பதிவு செய்வதாக எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் கட்டுங்கள். நிறுவனமே தானாகக் கட்டணத்தை ரத்து செய்தாலும், பதிவு எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை நிறுவனத்தின் செயலியிலோ, இணையதளத்திலோ, கிளையிலோ, கடன் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் கட்ட வேண்டும். வசூலுக்கு வருபவர் தன் சொந்த எண்ணைக் கொடுத்து அதற்கு அனுப்பச் சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கட்டிய பிறகு நிலுவை இல்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர்கள் என்ஓசி என்று சொல்வது இதைத்தான். 2023-லேயே இதை நீங்கள் கேட்டிருந்தால் அப்போதே இந்த 900 ரூபாய் வெளியே வந்திருக்கும். செல்போனோ, வண்டியோ, நகையோ, எந்தக் கடனாக இருந்தாலும் கடைசித் தவணை கட்டிய அடுத்த மாதமே இந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கணக்கு மூடப்பட்ட பிறகு அறிக்கை தானாகத் திருந்த வேண்டும். கடன் கொடுத்தவர்கள் கடன் விவரங்களை 15 நாட்களுக்கு ஒருமுறை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மாதம் ஒருமுறைதான். ஆகவே இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்து மறுபடியும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இங்கே ஒரு செய்தி: இந்தியாவில் சிபில் மட்டுமல்ல, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்கள் இந்தத் தகவல்களைத் திரட்டுகின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்பவை அவை. கடன் கொடுப்பவர் இவற்றில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் உங்களுடைய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது; அந்தப் பயம் வேண்டாம். நான்கையும் எடுத்து, நான்கிலும் கணக்கு மூடப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

திருந்தவில்லை என்றாலோ, கணக்கு விவரத்தை ஒப்பிடும்போது நிறுவனத்தின் வரவு வைப்பே தவறு என்று தெரிந்தாலோ, திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும். இதைக் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் கொடுக்கலாம், தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் கொடுக்கலாம். இரண்டிலும் கொடுப்பது நல்லது. கட்டணம் கிடையாது. கோரிக்கை கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் கடன் கொடுத்த நிறுவனம் 21 நாட்களுக்குள் தன் திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். முப்பது நாட்களைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. கோரிக்கையை நிராகரித்தாலும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் பேசிவிட்டு விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்: அந்தத் தேதி இல்லாவிட்டால் முப்பது நாள் கணக்கைத் தொடங்க இடமில்லை.

அதற்கும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறது. 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் கீழ், கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் கொண்டுவரப்பட்டுள்ளன. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து, முப்பது நாட்களில் பதில் வராமலோ, வந்த பதில் திருப்தி அளிக்காமலோ இருந்தால்தான் இங்கே போக முடியும். இணையம் வழியாகவோ, சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குக் கடிதமாகவோ புகாரை அனுப்பலாம். வழிமுறை தெரியாவிட்டால் 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதற்கு வக்கீலும் வேண்டாம், தரகரும் வேண்டாம்.

தரகர் என்றதும், 5,000 ரூபாய் கேட்கும் அந்த நபர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுத்த நிறுவனம் திருத்தம் அனுப்பாமல் எந்தத் தகவல் நிறுவனமும் உங்கள் கடன் விவரத்தை மாற்றாது. அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்பதெல்லாம் வெறும் பேச்சு. அவர் செய்யப்போவது அதிகபட்சம், மேலே சொன்ன இலவசக் கோரிக்கையை உங்கள் பெயரில் நிரப்புவதுதான். அதற்காக உங்கள் ஆதார், பான், ஓடிபி மூன்றையும் கையில் வைத்துக்கொள்வார். ஐயாயிரம் ரூபாய் போவதைவிட அதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்த மூன்றும் இருந்தால் உங்கள் பெயரில் வேறொரு கடனைத் தொடங்கிவிட முடியும்.

இனி கடையில் நடந்ததற்கு வருகிறேன். மூன்று நிறுவனங்களில் போட்டதாகச் சொன்னார்கள். உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், யார் யார் விசாரித்தார்கள் என்ற பகுதியில், அதே தேதியில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. கவனித்தீர்களா? ஒவ்வொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போகும்போதும் ஒரு விசாரணை பதிவாகும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் சேர்ந்தால், இவர் கடனுக்காக அலைகிறார் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் 900 ரூபாய் பாக்கி செய்த சேதத்தோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான், சில மாதங்களில் இதன் கனம் குறைந்துவிடும். ஆனாலும் நான்காவது நிறுவனத்துக்கு உங்களிடம் கேட்காமலே அனுப்பினார்களா என்று கடையில் கேளுங்கள். கடையில் டேப்லெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர் பெரும்பாலும் கடையின் ஊழியர் அல்ல, நிதி நிறுவனத்தின் பிரதிநிதி. எத்தனை கடன் ஆகிறதோ அதற்கேற்ப அவருக்கு ஊக்கத்தொகை. ஒன்றில் மறுத்தால் அடுத்ததில் போட்டுப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். அதன் விளைவு உங்கள் அறிக்கையில் விழுவது பற்றி அவர்கள் யோசிப்பதில்லை.

இதைத் தடுக்கும் இடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓடிபி எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குறுஞ்செய்தியில் எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் இருக்கும். ஒன்றில் கடன் அறிக்கையைப் பார்க்கச் சம்மதம் என்று இருக்கும். இன்னொன்றில் ஆதார் சரிபார்ப்பு என்று இருக்கும். மற்றொன்று வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ள அனுமதி என்று இருக்கும். கடைசியாக வருவது கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமமானதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், மகள் படித்துச் சொன்ன பிறகு எண்ணைக் கொடுங்கள். எந்த நிறுவனம் என்று பெயரைக் கேட்டு, ஒன்றில் மறுத்தால் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் அறிக்கையை ஒரு நிறுவனம் எடுத்துப் பார்த்தால், தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்ற விதியும் இப்போது இருக்கிறது. புதிய எண்ணைப் பதிவு செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி பெயரில் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். தவணையை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள் என்பது உங்களுக்கும் தம்பிக்கும் இடையிலான பேச்சு. ஏட்டில் கடனாளி அவர்தான். ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போய்த் தவணை திரும்பினால், நீங்கள் இன்று அனுபவிப்பதையெல்லாம் அவர் அனுபவிப்பார், அதுவும் நாளை அவர் ஒரு வண்டிக்கோ கல்யாணச் செலவுக்கோ கடன் கேட்டு நிற்கும்போது. எனக்கு வரும் கடிதங்களில், தனக்காக வாங்கிய கடனால் கெட்டவர்களுக்கு நிகராக, மச்சானுக்கும் நண்பனுக்கும் பெயர் கொடுத்துக் கெட்டவர்கள் இருக்கிறார்கள். தம்பி இதுவரை கடனே வாங்காதவர் என்றால், முதல் கடன் அவருடைய சொந்தத் தேவைக்காக, அவரே கட்டும் கடனாக இருக்கட்டும். (கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாகவும், குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் அது விதிக்கவில்லை என்றும் 2025-இல் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். ஆனாலும் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு அந்தந்த நிறுவனத்தினுடையதுதான்.)

கணக்கு மூடப்பட்ட பிறகும் மதிப்பெண் உடனே, கடன் கொடுப்பவர்கள் நல்லதென்று கருதும் 750-க்கு ஏறிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாக்கி போய்விடும், ஆனால் பழைய மாதங்களின் அந்தக் கட்டங்கள் அறிக்கையில் மூன்று ஆண்டுகள் அளவுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மாதங்கள் போகப்போக அவற்றின் கனம் குறையும். எப்போது எத்தனை ஏறும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், போன் விலை. கணக்கு சரியான பின் மறுபடியும் தவணைக்குப் போவதாக இருந்தால், வட்டியில்லாத் தவணை என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று நடைமுறையில் கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. வட்டியை யாரோ கொடுக்கிறார்கள். சில சமயம் தயாரிப்பு நிறுவனம், சில சமயம் கடை, பல சமயம் தெரியாமலே நீங்கள். 21,999 ரூபாய் போனுக்கு ஒன்பது தவணை, அதில் மூன்று முன்பணம் என்ற ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தவணை 2,444 ரூபாய். கடையில் உடனே 7,332 ரூபாய் கட்டிவிடுவீர்கள். மிச்சம் ஆறு மாதம். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் 599 ரூபாய். இதே கடையில் ரொக்கம் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் குறைத்து 20,999-க்குத் தருவார்கள் என்றால், அதிலிருந்து நீங்கள் கடையில் கட்டிய 7,332-ஐயும் 599-ஐயும் கழித்தால், உண்மையில் உங்களுக்குக் கிடைத்த கடன் 13,068 ரூபாய். நீங்கள் திருப்பிக் கட்டுவது 14,664 ரூபாய். வித்தியாசம் 1,600 ரூபாய்க்குச் சற்றே குறைவு. ஆறே மாதத்துக்கு, அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டு வரும் தொகைக்கு இது என்பதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ 41 சதவீதம் வருகிறது.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. கையில் 21,000 ரூபாய் மொத்தமாக இல்லாத குடும்பத்துக்கு, மகளின் படிப்புக்கு இப்போதே போன் வேண்டும் என்றால், 1,600 ரூபாய் கொடுத்து ஆறு மாத அவகாசம் வாங்குவது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்து கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கடையில் முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் தவணைப் பேச்சு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கை என்ற தாளை நிறுவனம் கட்டாயம் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும்; உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னால் சேர்க்க முடியாது. தவணை திரும்பினால் எவ்வளவு என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் இழக்கும் ரொக்கத் தள்ளுபடி அந்தத் தாளில் வராது. அதை நீங்களேதான் கணக்குப் போட வேண்டும். திரைப் பாதுகாப்பு, காப்பீடு, உறுப்பினர் அட்டை என்று சேர்க்கப்பட்டிருந்தால், வேண்டாததை எடுத்துவிட்டு மறுபடியும் பில் போடச் சொல்லுங்கள். தவணை தவறினால் போனைத் தொலைவிலிருந்தே பூட்டும் செயலி எதையாவது நிறுவுகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுடைய பிரச்சினையின் வேர் என்று நான் கருதுவது வேறொன்று. உங்கள் வருமானம் வாரத்துக்கு ஒருமுறை ரொக்கமாக வருகிறது. தவணையோ மாதத்துக்கு ஒருமுறை, வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. பனியன் கம்பெனியில் பலருக்கும் இந்த இடைவெளியில்தான் கால் இடறுகிறது. ஐந்தாம் தேதி தவணை என்றால், நான்காம் தேதி மாலைக்குள் பணம் கணக்கில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கிப் பிடித்தம் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் நடக்கிறது. திங்கட்கிழமைதானே பிடிப்பார்கள் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வாங்கியதும் தவணையில் கால் பங்கைப் பணம் போடும் இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். 2,444 ரூபாய் என்றால் வாரம் 620 ரூபாய் போதும். சிறிய தொகையைக் கூடுதலாக விட்டுவையுங்கள், ஏனென்றால் வங்கி ஏதாவது கட்டணம் பிடித்து, பத்து ரூபாய் குறைந்தாலும் முழுத் தவணையும் திரும்பிவிடும். விண்ணப்பிக்கும்போதே தவணைத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டதும் வசூல் பிரிவிலிருந்து அழைப்புகள் வரலாம். காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது, உறவினரையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, அதையும் புகாரில் சேருங்கள்.

கடிதம் எப்படி எழுதுவது என்று தயங்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "மேற்கண்ட எண்ணுள்ள கடனுக்கான பத்துத் தவணைகளையும் செலுத்தியுள்ளேன். செலுத்திய தேதிகளும் வங்கிக் கணக்குப் பக்கங்களின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. ஆயினும் கடன் தகவல் அறிக்கையில் 900 ரூபாய் நிலுவை காட்டப்படுகிறது. இந்தத் தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை விளக்கும் முழுக் கணக்கு விவரத்தையும், ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒப்பந்தத்தில் உள்ள விதியையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். உரிய தொகை ஏதும் இருப்பின், அதை முழுமையாகச் செலுத்தி, கணக்கு முழுமையாக மூடப்பட்டது எனப் பதிவு பெற விரும்புகிறேன். என் தற்போதைய செல்போன் எண்ணையும் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்." செல்போன் வழியாக அனுப்பிய இரண்டு 1,500 ரூபாய்க்கும் பரிவர்த்தனை எண் வங்கிக் கணக்குப் பட்டியலில் இருக்கும், பழைய போன் தொலைந்தாலும் அது வங்கியில் கிடைக்கும். அந்த இரண்டு எண்களையும் கடிதத்தில் தனியாகக் குறிப்பிட மறக்காதீர்கள்.